கைதட்டினா பறக்கும்... ஆனா?

சேர்ந்தாற்போல் மூணு நாள் லீவு கிடைத்தால் போதும், ஜனங்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய் ஒருத்தர் தலையை ஒருத்தர் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஒரு மாறுதலுக்கு வேதாரண்யம் தாண்டி, நிலம் தீர்ந்துபோகிற இடம் வரை போய்ப் பாருங்க. அதுதான் கோடியக்கரை.

நாங்கள் போனது ஜனவரியில். மனைவி, பையன், மாமியார், கூடவே முழ நீள லென்ஸோடு மச்சினன். (லென்ஸ் வாங்க அவன் என்னிடம் வாங்கின பணத்தை, பி.காம். படித்தவன் என்ற முறையில், அன்றைக்கே வாராக்கடனில் எழுதிவிட்டேன்.)

மாமியாருக்குப் 'பொன்னியின் செல்வன்' ஞாபகம். "பூங்குழலி படகு விட்டது இங்கேதானா மாப்ளே?" என்றார். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தைக்கூட 2004 சுனாமி விட்டுவைக்கவில்லை. பூங்குழலிக்கு நான் எங்கே போக?

இந்த இடத்தை 1967-ல் சரணாலயமாக்கியதே வெளிமானுக்காகத்தான். முறுக்குக் கொம்பும் கறுப்பு முதுகுமாக, கோட்டு மாட்டின வக்கீல் மாதிரி நிற்கிறது ஆண் மான். எஜமான் இல்லாத குதிரைகளும் அங்கங்கே மேய்கின்றன. பையன் அதுகளை எண்ணியே பொழுதைக் கழித்தான்.

ஆனால் மச்சினன் வந்தது பூநாரைக்காக. பனிக்காலத்தில் உப்பளத்தை ஒட்டின சதுப்பில் கூட்டம் கூட்டமாக நிற்கும். வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்து, காப்பி வடிகட்டுகிற மாதிரி இரையை வடிகட்டித் தின்னும். அந்த ரோஸ் கலர்கூடச் சாப்பாட்டிலிருந்து வருவதுதான்.

"சும்மா நிக்குதுங்க அத்தான். பறந்தாத்தான் இறக்கைச் சிவப்பு தெரியும். ஒரு தட்டு தட்டவா?" என்று கையை ஓங்கினான்.

கூட வந்த வனக் காவலர் தடுத்தார். "தம்பி, அது நிக்கலை, சாப்பிடுது. நீங்க ஒரு தட்டு தட்டுவீங்க, பின்னாடி வர்ற வண்டிக்காரர் ஒரு தட்டு தட்டுவார். அப்புறம் அது எப்பத்தான் சாப்பிடும்?"

நான் காவலர் கட்சி. பூநாரை நின்ற இடத்திலிருந்து ஜிவ்வென்று கிளம்பாது. தண்ணீர் மேல் தடதடவென்று ஓடித்தான் எழும்பணும். துளித்துளியாக வடிகட்டிச் சேர்த்த தெம்பெல்லாம் அந்த ஓட்டத்திலேயே செலவு. வரவைவிடச் செலவு கூடினால் கம்பெனியையே மூடுகிறார்கள், பறவை என்ன செய்யும்?

மச்சினன் முகம் சுண்டிப்போனது. "அஞ்சு மணிக்கு எழுந்து வந்தது நிக்கிற கொக்கை எடுக்கவா?" என்று முணுமுணுத்தான்.

"சாப்பிட உட்கார்ந்தவங்களை எழுப்பக்கூடாதுடா" என்றார் மாமியார். அப்பீல் இல்லை.

வேறு வழியில்லாமல் சேற்றோரம் குப்புறப் படுத்தான். முக்கால் மணி நேரம். காலை வெயில் சாய்வாக விழும்போதே எடுத்துவிடணும். உச்சி வெயிலில் கானல் கிளம்பி, பெரிய லென்ஸில் எல்லாமே நெளியும். இன்னொன்று, பளீரென்ற உப்புத் தரையைப் பார்த்தால் காமிரா மிரண்டு படத்தைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றிக்கொள்ளணும். கடைசியில் ஒரு படம் விழுந்தது. கவிழ்ந்த அலகு, அதில் சொட்டுகிற தண்ணீர், மஞ்சளாக ஒரு கண். வாராக்கடனில் கால் வாசி வசூல்!

திரும்பி வந்து ஆபீஸில் படங்களைக் காட்டினேன். பக்கத்து சீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஒண்ணுகூடப் பறக்கலையே சார்?" என்றார்.

"டிபன் டைம் சார்" என்றேன்.