மீட்டவனுக்கு இல்லாத ஊர்

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை அக்காளும் தம்பியுமாக நாங்கள் இருவரும் முதலில் வாசித்தது 2004இல். முந்தைய ஆண்டு இறுதியில் வெளியான பீட்டர் ஜாக்சனின் மூன்றாவது படம் கிளப்பிவிட்ட ஆவல். வாசித்து முடித்த இரவில் எங்களுக்கு மிஞ்சியது நிறைவன்று, கோபம்.

உலகையே அடிமைப்படுத்தவல்ல மோதிரத்தை எரிமலைவரை சுமந்து சென்றவன் ஃப்ரோடோ. கடைசி நொடியில் அதை எறிய மறுத்துத் தனதென்கிறான். கோல்லம் அவன் விரலைக் கடித்துப் பறித்துக்கொண்டு நெருப்பில் விழுவதால்தான் காரியம் முடிகிறது. அந்தத் தோல்வியைக்கூட ஏற்றுக்கொண்டோம். ஆனால் ஊர் திரும்பிய பின்? ஷயரில் மரங்கள் வெட்டுண்டு கிடக்கின்றன, ஆலைப்புகை, அடியாட்களின் ஆட்சி. (இப்பகுதியைத் திரைப்படம் அடியோடு விட்டுவிட்டது. நாவலின் முதுகெலும்பு இதுவே என்பது எங்கள் கட்சி.) தோழர்கள் அவர்களை விரட்டிப் புகழ் பெறுகிறார்கள். வாளைத் தொடாமல், கொலை வேண்டாமென்று தடுத்து நின்ற ஃப்ரோடோவை ஊர் பொருட்படுத்தவில்லை. கத்திக்காயம் பட்ட அக்டோபர் 6ஆம் நாள் திரும்ப வரும்போது நோவும் திரும்புகிறது. இறுதியில் அவன் கப்பலேறிப் போய்விடுகிறான். வீடும் மனைவியும் மடியில் குழந்தையும் சாமுக்கு.

கம்பனோடு வளர்ந்தவர்கள் நாங்கள். முடிசூட்டோடு நிறுத்திக்கொண்டவன் அவன். உத்தர காண்டத்தைப் பாடவில்லை. அம்மங்கல முடிவில் தோய்ந்த மனம் இதனை அநீதி என்றது. டோல்கீன் 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் நின்றவர், 1918க்குள் நெருங்கிய நண்பர்களுள் ஒருவரைத் தவிர அனைவரையும் இழந்தவர் என்பதைப் பின்னர் அறிந்தோம். செய்தியாகவே அறிந்தோம்.

மீண்டும் அக்கடைசி அத்தியாயத்தை எடுத்தது அண்ணன் ஊர் திரும்பிய பிறகு. சவூதியில் 22 ஆண்டுகள். எங்கள் படிப்பு, அக்காள் திருமணம், ஓட்டுவீடு இருந்த இடத்தில் எழுந்த மாடிவீடு, எல்லாம் அவர் அனுப்பிய பணம். மாடியில் அவருக்கென்றே ஓர் அறை கட்டியிருந்தோம். அதில் அவர் ஒரு மாதங்கூடத் தங்கவில்லை. வாசல் திண்ணையில் படுக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து முகம் மழித்து, வேலைக்கு அழைத்துப்போக வண்டி வரும் என்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார். ஊர்ப்பேச்சில் வரும் பெயர்களில் பாதி அவருக்குத் தெரியாது. "எல்லாம்தான் நல்லபடியா முடிஞ்சுதே, இன்னும் என்னண்ணே குறை?" என்று நாங்களே கேட்டிருக்கிறோம்.

ஷயரைக் காக்கத்தான் போனேன், அது காப்பாற்றப்பட்டது, ஆனால் எனக்காக அன்று என்னும் பொருள்பட ஃப்ரோடோ சாமிடம் பேசுமிடம் ஒன்றுண்டு. 2004இல் அதைக் கடந்துபோயிருக்கிறோம். இம்முறை அப்பக்கத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுந்து போக நேர்ந்தது.

சென்ற பொங்கலுக்குக் குடும்பம் கூடியபோது, கதையை அண்ணனுக்குத் திண்ணையிலேயே சொன்னோம். மோதிரம், எரிமலை, விரல் எல்லாம் சிறுபிள்ளைக்கதைபோல் கேட்டுக்கொண்டிருந்தவர், கப்பல் வந்ததும் நிமிர்ந்தார்.

"தனியாவா போனான்?"

"இல்லண்ணே. முன்னாடி அந்த மோதிரத்தை வச்சிருந்த பெரியவரும் கூடவே போனாரு."

"அப்பச் சரி" என்றார்.