அம்மாவுக்குக் கஷ்டம்

1988-ல் நான் தில்லியில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அப்பா காலமான பின் அம்மா கும்பகோணத்தில் தனியாக இருந்தாள். திருச்சிக்கு மாற்றல் கேட்டு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினேன். அதில் உயிரான வரி இதுதான்: 'மை மதர் இஸ் டிஃபிகல்ட் டு லிவ் அலோன்.'

இரண்டு வாரம் கழித்து மேலதிகாரி கூப்பிட்டார். "அம்மாவிடம் போவதற்கு மாற்றல் கேட்கிறீர்களா, அவரிடமிருந்து தப்பிப்பதற்கா?" என்றார். சிரித்துக்கொண்டே காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். திருத்தி எழுதிக் கொடுப்பதற்குள் அந்த வருட மாற்றல் பட்டியல் போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் 'டு'வுக்குப் பிறகு வினையின் மூல வடிவம் வரும் என்பதை மட்டும் மனப்பாடம் செய்திருந்தேன். அதற்கு முன்னால் நிற்கும் பெயரடைதான் எஜமானன் என்று யாரும் சொல்லவில்லை. 'கிளாட்', 'ஈகர்', 'ரெடி' என்பவை ஒரு ஜாதி. 'ஐ ஆம் ரெடி டு ஹெல்ப்' என்றால் தயாராக இருப்பவனும் நான், உதவப் போகிறவனும் நான். 'ஈஸி', 'ஹார்ட்', 'டிஃபிகல்ட்' வேறு ஜாதி. 'திஸ் பாக்ஸ் இஸ் ஈஸி டு லிஃப்ட்' என்றால் பெட்டி எதையும் தூக்குவதில்லை. பெட்டியைத்தான் நாம் தூக்குகிறோம். தமிழிலும் 'இந்தப் பெட்டி தூக்கச் சுலபம்' என்கிறோமே, அதேதான்.

பிறகு எங்கே சறுக்கினேன்? தமிழில் பசியும் காய்ச்சலும் கஷ்டமும் ஒருவருக்கு வருகின்றன. 'அம்மாவுக்குத் தனியாக இருப்பது கஷ்டம்' என்று மனதில் ஓடிய வாக்கியத்தில் அந்தக் 'கு'வை உதறிவிட்டு, அம்மாவை எழுவாயாக்கிவிட்டேன். கஷ்டம் அவளுடைய குணமாகிவிட்டது. ஆங்கிலக் காதில் விழுந்தது, 'அம்மாவோடு காலம் தள்ளுவது கஷ்டம்'. 'இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மை மதர் டு லிவ் அலோன்' என்று எழுதியிருக்க வேண்டும். நம் 'கு' செய்யும் வேலையை அங்கே 'ஃபார்' செய்கிறது.

மறு வருடம் மாற்றல் கிடைத்தது. போய்ப் பார்த்தால், இடையில் இரண்டு முறை கிணற்றடியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். எனக்கு எழுதவில்லை. என் ஆங்கிலத்தின் கதையை ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நீ எழுதினது ஒண்ணும் பொய்யில்லைடா. என்னோட காலம் தள்ளறதும் கஷ்டம்தான்" என்றாள்.

அந்த அர்த்தம் சரியாக வரவும் 'வித்' என்று ஒரு சொல் வேண்டும் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.