சம்மதம் உண்டு, தேதி இல்லை

பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் எதிர்மனுதாரர் என்று யாரும் கிடையாது. கணவர் முதல் மனுதாரர், மனைவி இரண்டாம் மனுதாரர். இருவரும் ஒரே தாளில் கையெழுத்திட்டு, சேர்ந்து வாழ முடியவில்லை, பிரித்துவிடுங்கள் என்று கேட்கிறார்கள். 1976-இல் இந்து திருமணச் சட்டத்தில் 13பி என்ற பிரிவாக இது சேர்ந்ததில் பெரிய நன்மை, ஏன் பிரிகிறோம் என்பதை ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான். மனுவுக்கு முன் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பின் 6 மாதம் பொறுத்திருந்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து, முடிவில் மாற்றமில்லை என்று சொல்ல வேண்டும். மனம் மாறினால் மாறட்டும் என்று கொடுக்கப்பட்ட அவகாசம் அது.

அந்த அவகாசம் வேறொன்றுக்குப் பயன்பட்டதைத் தென் மாவட்டக் குடும்ப நல நீதிமன்றம் ஒன்றில் பார்த்தேன். என் கட்சிக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தவர். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. குழந்தை இல்லை. பிரிந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நகை, பணம், சீராக வந்த பித்தளை அண்டா வரை பட்டியல் போட்டுப் பேசி முடித்தே மனுத் தாக்கல் செய்திருந்தோம். 6 மாதம் கழிந்து கூண்டில் ஏறியபோது கணவர் உறுதி என்றார். மனைவி, "இப்போ வேண்டாங்கய்யா" என்றார். "சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கிறீங்களாம்மா?" என்று நீதிபதி கேட்டார். "இல்லைங்கய்யா. விவாகரத்து வேணும். இப்போ வேண்டாம்."

சட்டத்துக்கு இந்தப் பதில் விளங்காது. சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது, சம்மதம் தீர்ப்பாகும் நிமிடம் வரை நீடிக்க வேண்டும், இடையில் ஒருவர் விலகினால் மனு நிற்காது என்பது. மிரட்டிக் கையெழுத்து வாங்கப்பட்ட பெண்ணுக்கு அது பெரும் பாதுகாப்பு. அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் 'சரி'க்கும் இடமுண்டு, 'மாட்டேன்'-க்கும் இடமுண்டு, 'பிறகு' என்பதற்கு மட்டும் இடமில்லை. நீதிபதி அனுபவஸ்தர். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஆலோசகரிடம் அனுப்பிவிட்டு வாய்தா போட்டார்.

கூடப் பணம் கேட்கத்தான் இந்த நாடகம் என்று கணவர் வீட்டார் கொதித்தார்கள். அப்படிப் பேரம் பேசுகிறவர்களும் உண்டு. காரணம் அதுவல்ல என்பதை அந்தப் பெண்ணின் வக்கீல் அம்மையார் வராந்தாவில் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார். மனுப் போட்ட பிறகு தங்கைக்கு நல்ல இடம் ஒன்று தகைந்திருந்தது. அக்கா புருஷனோடு மனஸ்தாபத்தில் இருக்கிறாள் என்றால் மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள்; விவாகரத்து வாங்கியவள் என்றால் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதை அவர் கோர்ட்டில் சொல்லவும் முடியாது, சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும்.

கணவரின் நிலையும் லேசானதல்ல. அவருக்கும் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தார்கள். தை மாதத்துக்கு மேல் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தீர்ப்பு வராமல் இரண்டாவது திருமணம் செய்தால் குற்றம். தனியாக வழக்குப் போடலாம் என்றால் அதற்குக் காரணம் வேண்டும். விட்டுப் பிரிந்து போனார் என்று சொல்ல வழியில்லை, பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டு வந்தவரே இவர்தான். மிச்சம் இருந்தது கொடுமை. ஒரு மாலை வரைவைத் தயாரித்து அவருக்குப் படித்துக் காட்டினேன். "எதிர்மனுதாரர் மனுதாரருக்குச் சமைத்துப் போட மறுத்தார்" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "காய்ச்சலோட நின்னுகூட சமைச்சிருக்கா சார்." அடித்தேன். அவருடைய தாயாரை அவமதித்தார் என்ற பத்தியையும் அடிக்கச் சொன்னார். கடைசியில் திருமணத் தேதியும் இருவர் விலாசமும்தான் மிஞ்சின. அதை வைத்து எந்தக் கோர்ட்டும் விவாகரத்து தராது.

அவர் அந்த மனுவைப் போடவில்லை. தை வந்து போனது, பார்த்து வைத்த இடமும் கைவிட்டுப் போனது. தங்கை கல்யாணம் முடிந்து, 18 மாதக் கெடு முடிவதற்குள் அந்தப் பெண் வந்து, யாரும் கூப்பிடாமலே சம்மதம் சொன்னார். தீர்ப்பு சில நிமிடங்களில் முடிந்தது.

2017-இல் அமர்தீப் சிங் வழக்கில், அந்த 6 மாதக் காத்திருப்பு கட்டாயமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றரை ஆண்டாகப் பிரிந்திருந்து, சமரச முயற்சி தோற்று, ஜீவனாம்சமும் பிள்ளைகள் பொறுப்பும் பேசி முடித்தவர்களுக்குக் குடும்ப நல நீதிமன்றமே அதைத் தள்ளுபடி செய்யலாம். நல்ல தீர்ப்பு; செத்துப்போன உறவை வைத்துக்கொண்டு நாள் எண்ணிய எத்தனையோ பேரை அது விடுவித்தது. ஆனால் அன்றே அது இருந்திருந்தால் என் கட்சிக்காரருக்குக் கல்யாணமாகியிருக்கும், அந்தத் தங்கைக்கு ஆகியிருக்காது. பழைய விதி அதைத் திருப்பிப் போட்டது. இரண்டு விதிகளுமே நாளைத்தான் எண்ணின. அந்த நாள் யார் தலையில் விடிகிறது என்று பார்க்கவில்லை. அதை ஈடுகட்டியது ஒரு மனிதரின் நேர்மை. அவர் கொஞ்சம் வன்மம் கொண்டவராக இருந்திருந்தால், அந்த வரைவில் இருந்த அத்தனை பொய்யும் கோர்ட்டுக் கட்டில் ஏறியிருக்கும். நேர்மைக்கு அவர் கொடுத்த விலையைச் சட்டம் எங்கும் வரவு வைக்கவில்லை.

இன்று சம்மத மனுவோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, 6 மாதத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்பதைத்தான். செய்யலாம் என்கிறேன். அதற்கு முன், எந்த மாதத்தில் தீர்ப்பு வாங்கிக்கொள்வது என்பதை இருவரும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறேன். எழுதினாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை போய்விடாது. ஆனால் நகை, பணம் பேசும்போது வராத தங்கை கல்யாணமும் தம்பி நிச்சயதார்த்தமும் அந்த ஒரு வரியை எழுதும்போது பேச்சில் வந்துவிடுகின்றன.