இடையிலே தோன்றும் முகம்

கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையைப் பற்றி நம் முன்னோர் எத்தனையோ கதைகள் சொல்லியிருக்கின்றனர். விக்கிரமாதித்தனை அறியாத தமிழ்ப் பிள்ளை உண்டோ? அவ்வித்தை இன்று வீட்டு மேசைமேல் இருக்கும் கணினிக்குள் வந்து அமர்ந்துவிட்டது. கண்ணெதிரே ஒரு முகம் மெல்ல மெல்ல இன்னொரு முகமாகிறது. 'மார்ஃபிங்' என்பது அதன் பெயர். 1991 ஆம் ஆண்டு வெளிவந்த மைக்கேல் ஜாக்சனின் 'பிளாக் ஓர் வைட்' பாடற்படத்தின் இறுதியில், பல இனத்து மாந்தர் ஒருவர் மற்றவராக மாறக் கண்டு உலகம் வியந்தது. அன்று பெரும்பொருள் செலவிட்டுச் செய்ததை இன்று பதுளையில் ஒரு மாணவன் வீட்டிலிருந்தே செய்யலாம்.

செய்முறை கடினமன்று. ஒரே பக்கம் நோக்கிய, ஒரே அளவான இரு படங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணின் இரு முனைகள், புருவம், மூக்கு, உதட்டோரம், தாடை, காது என ஒரு படத்திற் புள்ளிகளிட்டு, மற்றதிலும் அவற்றுக்கு நேரான இடங்களிற் புள்ளியிட வேண்டும். கணினி இரண்டு வேலைகளை ஒருங்கே செய்கிறது: புள்ளிகளைச் சிறிது சிறிதாக நகர்த்துகிறது, முதற்படத்தை மங்கச்செய்து மற்றதைத் தெளிவிக்கிறது. மங்கலும் தெளிவும் மட்டும் நிகழ்ந்தால் நடுவிலே நான்கு கண்கள் தெரியும். புள்ளிகளும் நகர்வதனாலேதான் இரு கண்களே தெரிகின்றன. நொடிக்கு 25 படங்கள் என்ற கணக்கில் நான்கு நொடி மாற்றத்துக்கு 100 படங்கள் வேண்டும். அவற்றுள் நடுவிலுள்ளது எவருக்கும் உரியதல்லாத முகம்.

அந்த நடுமுகம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கையே எழுப்பிவிட்டது. என் தங்கை மகளின் திருமண வீடியோவின் முகப்புக்காக, அம்மாயி அம்மாவாகவும், அம்மா தங்கையாகவும், தங்கை மணமகளாகவும் மாறும்படி அமைத்தேன். முன்னிருவர் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள், மணமகள் ஆசிரியை. அம்மாயியின் படத்துக்கும் அம்மாவின் படத்துக்கும் நடுவே ஓரிடத்தில் வீடியோவை நிறுத்தியபோது, அம்மா எழுந்து திரையருகே வந்து, "இது அக்கா!" என்றார்.

1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை வழங்கவும் வகுத்தது. ஊவாத் தோட்டங்களில் ஒரே லயத்துக் குடும்பங்களும் அதனால் இரண்டாயின. 1970களில் பெரியம்மா கணவருடன் பதுளையிற் புகைவண்டி ஏறி, தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் போனார். சில ஆண்டுகளிற் கடிதம் நின்றது. அவருடைய படம் ஒன்றேனும் எங்களிடம் இல்லை.

தம்பி உடனே, "அந்தப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிச் சட்டமிட்டு, மாலை போட்டு மாட்டிவிடலாம்" என்றான். அன்பினாற் சொன்னதுதான். தாயும் தங்கையும் கலந்த முகத்தில் உடன்பிறந்தவளின் சாயல் தெரிவதில் வியப்பில்லை. ஆயினும் அம்மா இணங்கவில்லை.

"அது அக்கா சாயல்தான், அக்கா இல்லையடா. மாலை போட்டால் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நாமே சொன்னதாகிவிடும்."

அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. படம் சட்டத்துக்குள் போகவில்லை. வீடியோவில் மட்டும் அந்த நான்கு நொடிகள் இருக்கின்றன. அதன் கீழே, 'இடைமுகங்கள் கணினி வரைந்தவை' என்று ஒரு வரி சேர்த்தேன்.

இவ்வித்தையைப் பழகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று நீங்கள் ஆக்கும் முகத்தை நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் உண்மையென்றே கொள்ளக்கூடும். ஆகவே மூலப்படங்களைத் தனியே பேணுங்கள். லயத்துப் பெட்டிகளிற் கிடக்கும் பழைய படங்களை எடுத்து, பெரியவர்கள் இருக்கும்போதே பெயரையும் ஊரையும் ஆண்டையும் கேட்டு, பின்புறத்திலே மென்மையாகப் பென்சிலால் எழுதிவையுங்கள். முகத்தை ஆக்கக் கணினி போதும். அது யாருடையதென்று சொல்ல மனிதர் வேண்டும்.