காற்றும் கைலியும்

கடலூர், சிதம்பரம் வட்டார முஸ்லிம் ஆடவர் பலரின் அன்றாட உடை கைலி. இரு முனைகளையும் மூட்டித் தைத்திருப்பதால், அது வேட்டியைப் போல் காற்றில் விலகாது. எனினும் கடற்காற்று கீழிருந்து புகுந்தால் கைலியும் குடையாக விரியும். ஸ்காட்லாந்தினரின் கில்ட் உடைக்கும் இவ்விடர் உண்டு; கனத்த கம்பளித் துணியும் முன்மடிப்பில் செருகும் ஊசியும் அவர்களுக்குத் துணை.

தொப்புள் முதல் முழங்கால் வரை மறைப்பது ஆண்களுக்கு மார்க்கம் வகுத்த வரம்பு. அதன் முழுப்பொருளை இளமையில் பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் கற்றோம். இரு கைகளிலும் சுமையுடன் வந்த முதியவரின் வேட்டியைக் காற்று விலக்கியது. நாம் சிரித்துவிட்டோம். வாப்பா பார்வையைத் தாழ்த்தியவாறே விரைந்து சென்று, அவரை மறைத்து நின்று, சுமைகளை வாங்கிக்கொண்டார். முதியவர் ஆடையைச் சரிசெய்துகொண்டார். வாப்பா நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த மௌனமே சுட்டது.

நழுவும் ஆடையை நோக்கி விரையும் கையை நட்புக்கு உவமையாக்கினார் வள்ளுவர். அக்குறளை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் வாப்பாவின் கைகளே நினைவில் எழுகின்றன. தன் மானம் காப்பது ஒழுக்கம். பிறர் மானம் காப்பதும் அவ்வொழுக்கத்தின் பாதியன்றோ!