சும்மா இருந்த பாட்டி

2011ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், கொல்லிமலை வளப்பூர்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இல்லங்களைச் சந்திக்கச் சென்றிருந்தோம். அவ்வேளை மக்கள்தொகைக் கணக்கெடுக்க இளம் ஆசிரியர் ஒருவர் படிவங்களுடன் வந்தார். நாமும் திண்ணையில் ஒதுங்கி அமர்ந்தோம்.

"நாங்க மலையாளிங்க சார்" என்றார் வீட்டுக்காரர். தாய்மொழிக்கு நேரே 'மலையாளம்' என்றெழுதப் பேனா விரைந்தது, இடைமறித்தோம். மலையாளி என்பது இம்மலைப் பழங்குடியினரின் பெயர். அவர்கள் பேசுவதோ தமிழ். ஒரு சொல் பிசகினால் ஓர் ஊரின் மொழியே மாறிவிடுமன்றோ!

அடுத்து, குடும்பம். ஒரே கூரைதான், ஆயினும் மூத்த மகனுக்குத் தனி அடுப்பு. ஒரே சமையலில் உண்டு வாழ்வோரே கணக்கெடுப்பில் ஒரு குடும்பம். ஆகவே, அங்கே இரண்டு குடும்பங்கள்.

பின்னர், எழுத்தறிவு. "பேர் போடுவேன்" என்றார் இளையவர். அது போதாது. ஏழு வயது நிரம்பியவர், ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவராயின் மட்டுமே எழுத்தறிந்தவர். அவ்வாண்டுக் கணக்கின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு எண்பது பேர் எழுத்தறிந்தவர். பழங்குடியினருள் 54 பேரே.

இறுதியாகத் தொழில். "அம்மா வீட்லதான் சார், சும்மா இருக்குது" என்றார் மகன். அந்த அம்மையாரோ, தம் நிலத்தில் தோண்டிய மரவள்ளிக் கிழங்குக் கூடையை அப்போதுதான் இறக்கி வைத்தார். கையில் மண் உலரவில்லை. சாமைக்குக் களையெடுப்பதும் அவரே. "கெழவி செய்யறதெல்லாம் ஒரு வேலையா சாமி?" என்று நகைத்தார்.

ஆம், வேலையேதான்! சமையலும் பிள்ளை வளர்ப்பும் கணக்கெடுப்பு விதிப்படி தொழிலாகா. ஆனால், சொந்த நிலத்தில் கூலியின்றிப் பாடுபட்டாலும் அவர் உழைப்பவரே. ஆண்டில் ஆறு மாதமேனும் உழைத்தால் முதன்மைத் தொழிலாளர். அதனிற் குறைந்தால் குறுகியகாலத் தொழிலாளர். பிறர் நிலத்தில் கூலிக்குச் சென்றால் வேளாண் கூலி. தம் நிலமெனில் சாகுபடியாளர். மீண்டும் வினவிய ஆசிரியர், பாட்டியைச் சாகுபடியாளர் என்றே பதிந்தார்.

மகனைக் கடிந்துகொள்ள நினைத்தவாறே மலையிறங்கினோம். இரவில் பங்கின் குடும்பப் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். பெண்களின் தொழிற்கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'இல்லை' என்றிருந்தது. எழுத்து நம்முடையது! தலைவரைக் கேட்டெழுதினோமேயன்றி, ஒரு பெண்ணையேனும் கேட்டோமில்லை. கடிந்துகொள்ளும் தகுதி நமக்கேது? மறுவாரம் முதல் வீடுவீடாகச் சென்று திருத்தலானோம்.

2021இல் நடைபெறவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு அதனை நடத்த அரசு அறிவித்துள்ளது. உங்கள் வாயிலில் அக்கேள்வி எழும்போது, "சும்மா இருக்கிறார்" என்று விடையளிக்குமுன், அன்பர்களே, அவர் கைகளை ஒருமுறை பாருங்கள்.