டார்ஜிலிங்கில் ஒரு பனிக்கோடரி

டார்ஜிலிங் போகிறவர்கள் விடியற்காலையில் டைகர் ஹில்லில் நடுங்கிக்கொண்டே கஞ்சன்ஜங்காவைப் பார்ப்பார்கள், பொம்மை ரயிலில் ஏறுவார்கள், தேயிலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் போனால் ஹிமாலய மலையேற்றக் கழகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். எவரெஸ்ட் வெற்றிக்கு மறு வருடம், 1954-ல் தொடங்கியது. டென்சிங் அங்கே பயிற்சித் தலைவராக இருந்தார். மிருகக்காட்சிசாலை வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் குழந்தைகளும் சிணுங்காமல் வருவார்கள்.

அங்குள்ள காட்சிசாலையில் பழைய கயிறு, பூட்ஸ், கூடாரம் எல்லாம் உண்டு. அவற்றில் நமக்குப் பழகின சாமான் போலத் தெரிவது பனிக்கோடரிதான். பிக்காசுக்குத் தங்கை என்று சொல்லலாம்! தலையில் ஒரு பக்கம் கூரான அலகு. மறுபக்கம் தச்சரின் வாய்ச்சி போலத் தட்டையான வாய். காம்பின் அடியில் ஈட்டி முனை. அந்த நாளில் காம்பு மரத்தில் இருந்தது. இப்போது பெரும்பாலும் அலுமினியக் கலவை. அரைக் கிலோவுக்கும் குறைவான எடையில்கூடக் கிடைக்கிறது.

சரிவில் ஏறும்போது மேட்டுப் பக்கத்துக் கையில் அதை ஊன்றுகோலாகப் பிடிக்கிறார்கள். வாய்ச்சிப் பக்கத்தால் பனியில் படி வெட்டுகிறார்கள். ஆனால் பயிற்சிக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பப் பழகுவது வேறொன்றை. கால் வழுக்கிச் சறுக்கினால், சட்டென்று குப்புறப் புரண்டு, கோடரித் தலையைத் தோளுக்குக் கீழே அணைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு அலகைப் பனியில் அழுத்த வேண்டும். வேகம் பிடிப்பதற்குள் செய்தாக வேண்டும். அப்போது யோசிக்க நேரம் ஏது? அதனால்தான் ஆபத்தில்லாத சரிவில் வேண்டுமென்றே சறுக்கிச் சறுக்கிப் பழக்குகிறார்கள்.

1953 ஏப்ரல் 26. எவரெஸ்டின் கும்பு பனியருவியில் ஹில்லாரி ஒரு பிளவைத் தாண்டிக் குதித்தார். கால் வைத்த விளிம்பு பெயர்ந்து, ஆளோடு உள்ளே போய்விட்டது. பின்னால் அதே கயிற்றில் டென்சிங். கோடரியைப் பனியில் குத்தி, கயிற்றை அதில் சுற்றி இறுக்கிவிட்டார். ஹில்லாரி பிழைத்தார். அன்று அந்தக் கை தாமதித்திருந்தால் மே 29-ந் தேதி அந்த இருவரும் உச்சியில் நின்றிருக்க முடியாது. உச்சியில் ஹில்லாரி எடுத்த படத்தில் டென்சிங் உயர்த்திப் பிடித்திருப்பதும் பனிக்கோடரிதான். கொடிகள் அதில் கட்டியிருக்கும். படத்தில் தெரியாத ஒரு விஷயம்: இளைய மகள் கொடுத்தனுப்பிய சிறு பென்சிலையும் கொஞ்சம் மிட்டாயையும் அவர் அங்கே பனியில் புதைத்துவிட்டு வந்தார்.

இது ஆண்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1975-ல் முதல் பெண்ணாக எவரெஸ்ட் ஏறிய ஜப்பானின் ஜுன்கோ தபேய், வீட்டில் சின்ன மகளை விட்டுவிட்டுத்தான் புறப்பட்டார். 1984-ல் ஏறிய நம் பச்சேந்திரி பால் உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றக் கழகத்தில் பயின்றவர். டார்ஜிலிங்கிலும் பெண்களுக்குப் பயிற்சி உண்டு.

வியாழக்கிழமை மட்டும் போகாதீர்கள். மிருகக்காட்சிசாலைக்கு அன்று விடுமுறை.